பாதி மனசுக்காரர்

செவ்வாய்க்கிழமை காலை நான் கம்பெனிக்குக் கிளம்பும் நேரம், வாசலில் பியூன் நின்றிருந்தார்.

“முசியே, சவரிநாதர் ஐயா போயிட்டாரு.”

எங்கே என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். போகிறேன், போகிறேன் என்று சொல்லியே எங்களை அவர் அப்படிப் பழக்கியிருந்தார்.

எங்கள் பிரெஞ்சுக்காரர் ஏற்றுமதிக் கம்பெனியில் பிரெஞ்சுக் கடிதங்கள் எனக்கு, ஆங்கிலக் கடிதங்கள் அவருக்கு. ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலிகள். கடலூரில் படித்தவர். பேச்சில் ஓயாமல் அவர் சொல்லும் ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு: ‘ஐ ஹாவ் ஹாஃப் எ மைண்ட் டு கோ.’ போகலாமா என்று ஆசை எழுந்து, இன்னும் துணியாதபோது ஆங்கிலேயர் இப்படிச் சொல்வார்களாம். போவதற்குப் பாதி மனசு இருக்கிறது என்று எங்களுக்கு விளக்குவார்.

போக நினைத்த இடம் சைகோன். ஒரே மகன் ஆரோக்கியம் அங்கே குமாஸ்தா. முப்பத்திரண்டு வயதில் அவனுக்கு நெஞ்சுநோய் கண்டது. ‘ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கப்பா’ என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினான். இங்கே வீட்டில் மனைவி பக்கவாதத்தில் கிடந்தார். கஞ்சி ஊட்ட இவரை விட்டால் ஆள் இல்லை.

லீவு விண்ணப்பம் பிரெஞ்சில்தான் கம்பெனித் துரையிடம் போக வேண்டும். சவரிநாதருக்குப் பிரெஞ்சு வராது. சைகோன் கப்பல் வரும் வாரம் என்னை எழுதச் சொல்வார். மறுநாளே, “வேணாம் தம்பி, திருப்பி வாங்கிடுங்க” என்பார். மூன்று தடவை இப்படி நடந்தது. பாதி மனசுக்காரர் என்று பேர் வைத்தோம். அவரும் சிரிப்பார்.

“என்ன பண்றது தம்பி, மீதிப் பாதி கட்டில்ல கெடக்குதே.”

சென்ற ஆண்டு அந்த அம்மையார் இறந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சவரிநாதர் வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“லீவு எழுதிக் குடுங்க தம்பி. இந்தக் கப்பல்ல போறேன்.”

“பாதியா, முழுசாண்ணே?”

“முழுசா.”

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. எப்படியும் நாளை மாற்றிச் சொல்வார், நான் ஏன் மறுபடி துரை முன்னால் போய் அசடு வழிய வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவர் மாற்றிச் சொல்லவில்லை.

“துரை ஒண்ணும் சொல்லலியா தம்பி?” என்று தினமும் கேட்டார்.

“யோசிக்கிறார்ணே” என்றேன். சனிக்கிழமை கப்பல் போய்விட்டது.

பயந்துபோய் அடுத்த கப்பலுக்கு எழுதினேன். துரை படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சைகோனிலிருந்து தந்தி வந்தது. ஆரோக்கியம் இறந்துவிட்டான்.

தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இது: “துரை மேல வருத்தமில்ல தம்பி. அவருக்கு எத்தனையோ வேலை.”

அதற்குப் பின் அந்த ஆங்கில வாக்கியத்தை அவர் சொல்லிக் கேட்டதில்லை. நான்தான் அதைச் சுமந்தேன். ஓராண்டு முழுக்க, எதிரில் அவர் வந்து உட்காரும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடப் பாதி மனசு இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று கோழையாக இருந்தேன்.

இன்று அவர் வீட்டில், பிரயாணத்துக்கென்று தைத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அவருக்குப் போட்டார்கள். புதுச் சப்பாத்தும் மாட்டினார்கள். அடியில் துளி மண் இல்லை.

சவரிநாதர் அண்ணே, துரை யோசிக்கவே இல்லை. நான்தான் எழுதவில்லை. இப்போது முழு மனசோடு இதை எழுதிவிட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள்.