ஏஞ்சல் கடை மெயிலுக்கு வந்த வேலை ஆர்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் திரும்பும் முனையில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஏஞ்சலின் ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. வேலைக்கு விண்ணப்பம் போட வருகிறவர்கள் ‘மெயில் ஐடி’ என்ற கட்டம் வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “உன்னுதே போட்டுடுக்கா.” அவளும் போட்டுவிடுவாள். ஐந்து வருஷத்தில் இருநூறு பேருக்கு மேல் அவள் மெயில்தான் விலாசம். யாருக்கு என்ன வந்தாலும் அவள்தான் பார்த்து, போன் போட்டுச் சொல்வாள். படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாசத்துக்கு ஒரு சிம் மாற்றி, பாஸ்வேர்டை மறுநாளே மறந்துவிட்டு வந்து நிற்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு நாள் கடை நடத்திப் பார்க்கட்டும்.

ஏஞ்சலின் கண்ணை ஏமாற்றுவது லேசில்லை. கடை வைப்பதற்கு முன் எட்டு வருஷம் ஒரு போல்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் ஆயிரத்தில் மரை சரியாக விழாத ஒன்றைப் பொறுக்கி சிவப்பு டப்பாவில் போட வேண்டும். “ரிஜெக்ட்” என்ற வார்த்தை இன்றும் அவள் வாயிலிருந்து போகவில்லை.

அப்பேர்ப்பட்டவளும் ஒருமுறை ஏமாந்தாள். கடை திறந்த புதிதில், போட்டோவைச் சுருக்க இலவச சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினாள். படிக்காமல் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்கிக்கொண்டே போனாள். கேட்டது ஒன்று, கூடவே நாலு ஒட்டிக்கொண்டு வந்தது. எதைத் திறந்தாலும் சூதாட்ட விளம்பரம். மூன்றாம் நாள் திரை சிவந்து, ‘வைரஸ் இருக்கிறது, இந்த நம்பருக்கு உடனே பேசவும்’ என்று சைரன் அலறியது. ஏஞ்சல் அந்த நம்பருக்குப் பேசவில்லை. நெட்டைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரில் உள்ள சாஃப்ட்வேர் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, அன்றைக்கு வந்து ஒட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வைரஸ் ஸ்கேன் ஓட்டினாள், பாஸ்வேர்டை மாற்றினாள். அதோடு, “படிக்காம அமுக்குற கை இந்தக் கடையில ஆவாது” என்று தனக்கே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பொன்னேரியில் வேலை இருந்தது. கடை திறக்க மதியம் பன்னிரண்டாகிவிட்டது. வாசலிலேயே திருமலை நின்றிருந்தான். இரும்பு அடிக்கும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, ரெண்டு பிரிண்ட் வோணும். அனல்மின் நிலையத்துல எனக்கு பர்மனென்ட் வேலை! ஆர்டர் உன் மெயிலுக்கு வந்துக்குதாம், போன்ல சொன்னாங்கோ. அப்பால ஒரு ரிசைன் லெட்டர் அடிச்சுக் குடு. ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போய் கான்ட்ராக்டர் மூஞ்சில குடுத்துட்டு வந்துடறேன்.”

ராஜினாமாக் கடிதம் நாலு வரிதானே. அடித்துவிட்டாள். ஆனால் பிரிண்ட் கொடுக்கவில்லை. அவன் மனைவி புவனேஸ்வரிக்கு ஏழு மாசம். பிரசவத்துக்கு நம்பியிருப்பது அவன் ஈ.எஸ்.ஐ. கார்டைத்தான். வேலையை விட்டால் கார்டும் போச்சு. திரும்பிப் போனால் கான்ட்ராக்டர் சேர்க்க மாட்டான், கேட்டில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

மெயிலைத் திறந்தாள். மேலே பெரிய முத்திரை. பாய்லர் ஆபரேட்டர் வேலை, நாளைக்கே வந்து சேர வேண்டுமாம். ஆனால் அனுப்பியவன் விலாசம், யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச மெயில். சீருடைக்கும் மெடிக்கலுக்கும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூற்றைம்பது, சாயங்காலம் ஐந்துக்குள் கட்ட வேண்டுமாம். ஆர்டர் என்று இணைத்திருந்த கோப்பின் பெயர் முடிகிற இடத்தைப் பார்த்தாள். அது படிக்கிற காகிதமே இல்லை, திறந்தால் கம்ப்யூட்டருக்குள் ஏறிக்கொள்ளும் சாஃப்ட்வேர்.

“ரிஜெக்ட்” என்றாள்.

“இன்னாக்கா ரிஜெக்ட்டு? தொற, ஆர்டரைப் பார்க்கலாம்.”

“தொறக்க மாட்டேன் நைனா. இது ஃபிராடு.”

திருமலையின் சிரிப்பு அணைந்தது. “ஐடிதான் உன்னுது. பேரு என்னுது, வேலை என்னுது. தொறக்காதேன்னு சொல்ல நீ யாரு? நான் நல்லா இருக்குறது உனக்குப் பொறுக்கலியா?”

அந்தக் கேள்வி ஏஞ்சலுக்குச் சுருக்கென்று தைத்தது. இவனுக்கு எத்தனை விண்ணப்பம் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறாள்! அழுகைதான் வந்தது. ஆனால் எட்டு வருஷம் செக்கிங்கில் நின்றவள், சூப்பர்வைசர் கத்துகிறான் என்பதற்காகக் கெட்ட போல்ட்டை நல்ல டப்பாவில் போட்டவள் இல்லை. அந்த மெயிலின் தலைப்பைத் தேடும் கட்டத்தில் அடித்தாள்.

வரிசையாகப் பதினொரு மெயில் வந்து நின்றது. பதினொன்றும் காலை பத்து நாற்பத்திரண்டுக்கு வந்தவை. பெயர் மட்டும்தான் வேறு. வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களின் பட்டியல் எவனோ ஒரு திருடன் கையில் மாட்டியிருக்கிறது; அதில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறான். அத்தனையும் ஒரே பெட்டியில் வந்து விழும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

“உன் மெயில்ல போட்டுக்குற பதிவு எண்ணு இன்னா? படி.”

“நாலாயிரத்து நானூத்தி எழுவத்தொண்ணு.”

“ஜெபாவுக்கும் அதான். சரவணனுக்கும் அதான். இதோ ஒம்போதாவது பேரைப் படி.”

திருமலை திரையருகே குனிந்தான். “ஆர். புவனேஸ்வரி... அக்கா, இது எங்க ஊட்டுக்காரி!”

“ஆமா. போன வருஷம் கேன்டீன் வேலைக்குப் போட்டாளே. இப்ப அவளும் பாய்லர் ஆபரேட்டராம். ஏழு மாசத்தோட வந்து நாளைக்கே சேரணுமாம்.”

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு, “தப்பா பேசிட்டேன்கா” என்றான். ஏஞ்சல் அவனுக்கு ஒரு டீ சொன்னாள். மீதிப் பேருக்கும் போன் போட்டு, “டப்பு கட்டாதீங்க, யார் இன்னா அனுப்பினாலும் தொறக்காதீங்க” என்றாள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிட்டுப் புகாரும் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இருநூறு பேரின் ஆதாரும் சர்டிபிகேட்டும் இந்த ஒரே பெட்டியில். அவள் ஒருமுறை அசந்து அமுக்கினால் அத்தனையும் போகும். உதவி என்று நினைத்துச் செய்தது, இப்படியா வந்து முடிய வேண்டும்?

“கெளம்பாதே. மொதல்ல உனக்குன்னு ஒரு ஐடி. அப்பால மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்.”

திருமலை ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தான். ஏஞ்சல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் அவள் பார்க்காத முதல் பாஸ்வேர்டு அது.

மணி ஒன்று நாற்பது. திரையில் ராஜினாமாக் கடிதம் மட்டும் பாக்கி. மவுஸை அவன் பக்கம் தள்ளினாள். அவன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினான். கடிதத்தைச் சேமிக்கவா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கை பொத்தானுக்குப் போய், நின்றது. உதடு அசைய அசைய, இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாக இரண்டு தடவை படித்தான். அதற்கப்புறம்தான் ‘வேண்டாம்’ என்பதை அமுக்கிவிட்டு, ஷிஃப்ட்டுக்கு ஓடினான்.