நாற்பத்தொன்றாவது காகிதம்

காகிதத்தைத் தொலைத்துவிட்டாள் என்று சொல்கிற வாயை முதலில் கழுவுங்கள். என் நாத்தனார் இருபத்தாறு வருடம் ஆவணக் காப்பகத்தில் கிழிந்த தாள் ஒட்டினவள். அவள் கையில் ஒரு துண்டு தொலைந்ததில்லை. “துரத்திட்டாங்களாம்” என்று எதிர்வீட்டுத் தையல்காரி தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாளே, கிட்ட நின்று பார்த்தாளா? நான் பார்த்தேன்.

புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். எந்நேரமும் விரலில் மாவுப்பசை வாசனை. காய்ச்சலோடு வேலைக்குப் போவாள். சளி பிடித்தால் மட்டும் லீவு. பழைய தாளின் முன்னால் தும்மிவிடக் கூடாதாம்!

ஒரு பெரிய வீட்டுக்காரர் தன் குடும்பக் காகிதங்களைப் பெட்டி நிறையக் கொடுத்தார். வந்த ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் வாசக அறைக்குப் போய்விட்டால், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டியே ஆக வேண்டும். நாற்பத்தொன்றாவது, நாலாகக் கிழிந்த ஒரு கடிதம். அந்த வீட்டுச் சமையல்காரி யாரையோ எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தது. அவள் பெற்ற பிள்ளையை வாரிசாக வைத்துக்கொண்டு அவளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதை மூன்று நாள் ஒட்டினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தவள் விரலில் இருந்த பசையைக்கூடக் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, யாரு என்ன சொன்னா?”

“யாரும் இல்ல அண்ணி. ‘தூரத்துல நின்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்’னு கேட்டிருக்கா. அவ்வளவுதான் கேட்டிருக்கா.”

நானும் கைநாட்டுதான்.

அந்தப் பிள்ளையின் பேரன்தான் பெட்டி கொடுத்தவர். பாதி எழுதிய பட்டியலைச் சரிபார்க்க வந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே மேலதிகாரி அறைக்குப் போனார். அன்று அவள் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன். மேலதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டார்; அறை வாசல் பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“நாற்பத்தொன்னு செல்லரிச்சுப் போச்சுன்னு எழுதிடுங்கம்மா. யாருக்கு நஷ்டம்?”

“அரிக்கலையே சார்.”

“இத்தனை வருஷத்துல நிரந்தரம் ஆகாத வேலை உங்களோடது. யோசிச்சுப் பேசுங்க. எழுதலைன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

“சரிங்க சார். வரல.”

இருக்கைக்கு வந்தாள். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பட்டியலை எழுதி முடித்தாள், நாற்பத்தொன்றும் சேர்த்து. முத்திரை குத்தி, வாசக அறை குமாஸ்தாவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினாள். பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வெளியே வந்தபோதுதான் முகம் வெளுத்திருந்தது.

“கொஞ்சம் பிடிச்சுக்குங்க அண்ணி.”

பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியாக இறங்கினோம்.