ஹரிதாவின் அப்பாவைப் பற்றிய பத்தி

கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளைக் கண்டாலே ஜெஸ்பின் இப்போது எழுந்து ஓடுகிறாள். பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள். பேயாக இருந்தால் ஜெபம் பண்ணி விரட்டலாமே.

குலசேகரத்தில், வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆபீஸில் அவள் எனக்குப் பக்கத்து மேசை. பிள்ளைப்பூச்சி. ஏன் படிக்கப் போகிறேன் என்று மாணவர்கள் விசாவுக்குத் தரவேண்டிய கடிதத்தை எழுதுவது அவள் வேலை. பாதிப் பேருக்குச் சொந்தமாக நாலு வரி வராது. “நீங்களே எழுதுங்கக்கா” என்பார்கள். நல்ல பத்தி ஒன்று அமைந்தால் அதையே எல்லாருக்கும் ஒட்டிவிடுவாள். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

ஹரிதா முதலில் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. அவள் அப்பா முருகதாஸ் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. அதனால்தான் படிக்கிறேன் என்று அவள் சொன்னதை ஜெஸ்பின் அழுதுகொண்டே எழுதினாள். ஆங்கிலப் பரீட்சையில் மார்க் குறைந்து அந்த முறை விண்ணப்பம் போகவில்லை. அந்தப் பத்தி மட்டும் பதினான்கு பேருக்குப் போனது. அவர்களுடைய அப்பாமார் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லாமல் பைக் ஓட்டுகிறார்கள். பதினான்கு பேருக்கும் விசா வந்தது.

இந்த வருடம் ஹரிதா தேறினாள். அவளுடைய அதே பழைய கடிதம் விண்ணப்பத்தோடு போனது. ஆனால் விசா கொடுக்கும் இடத்தில் இப்போது கடிதங்களை முதலில் படிப்பது ஏஐ. பழைய கடிதம் ஒன்றையும் அது மறக்கவில்லை. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: இதே விபத்து வேறு பதினான்கு விண்ணப்பங்களிலும் உள்ளது, பொய்த் தகவல், பத்து வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

மறுநாள் முருகதாஸ் மகளின் கையைப் பிடித்துப் படியேறி வந்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஜெஸ்பின் பக்கம் முகத்தை நீட்டினார்.

“போட்டோ எடுத்து அனுப்பு மக்கா. மெஷின் நல்லாப் பாக்கட்டு.”

போனை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். “மாமா, மத்தவங்களுக்கு அத எழுதிக் குடுத்தது நான்தான்.”

ஹரிதா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டினார்.

“அந்தப் பிள்ளைங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சா?”

“சேந்தாச்சு மாமா.”

“செரி மக்கா” என்று எழுந்துவிட்டார். திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

ஜெஸ்பின் வேலைக்கு வரத்தான் செய்கிறாள். எந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும், அப்பாவுக்குக் கண் தெரியுமா என்றுதான் முதலில் கேட்கிறாள். தெரியும் என்றாலும் நம்பிக் கடிதம் எழுத மாட்டாள்.

“அப்பாவக் கூட்டிட்டு வா, நான் பாக்கணும்” என்கிறாள்.