முன்னோட்டம் பார்க்காத ஷெர்காஸி

வேனின் கதவை இழுத்துச் சாத்தியதும் அதன் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு அதே கையால் நெற்றியிலிருந்து தாடிவரை முகத்தை ஒருமுறை வழித்துக்கொள்வார். ஏறி உட்கார்ந்து கியரைப் போடும்போது பல்லிடுக்கிலிருந்து ஒரு "ச்சூ!" வரும். குதிரையைக் கிளப்பச் சொல்கிற சொல் அது. கரக்கோல் சந்தையிலிருந்து எங்கள் மலையூர் ஜெட்டி-ஓகுஸுக்குப் போகும் அந்தக் கிழட்டு வெள்ளை வேன், அதைக் கேட்ட பிறகுதான் உறுமும். ஒருநாள் தொண்டை கட்டி ஓட்டுநர் ஷெர்காஸிக்குக் குரலே வராமல் போனபோது, பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து "ச்சூ" சொன்னோம். வேன் கிளம்பியது. அதற்குமேல் யார் எங்களுக்கு இயந்திரவியல் சொல்லித்தர முடியும்?

ஐம்பதைத் தாண்டியவர். மலையில் குதிரை மேய்த்து வளர்ந்து, பிறகு சக்கரத்துக்கு வந்தவர். தினமும் தலையில் ஒரு நைந்த கம்பளிக் குல்லா. நல்ல கல்பாக், கறுப்பு விளிம்பு வைத்த வெள்ளைக் கம்பளித் தொப்பி, ஓட்டுநர் கண்ணாடிக்கு மேலே கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது. தரையில் வைக்கக் கூடாத பொருள் அல்லவா, அதனால் அந்த உயரம். "எப்ப போடுவீங்க பைக்கே?" என்று அந்த அண்ணனைக் கேட்டால், "படம் வர்ற அன்னிக்கு" என்பார். எந்தப் படம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

'கராகாத்' என்ற கறுப்புக் குதிரையின் கதை அது. வரைந்து எடுத்த கார்ட்டூன் படம்தான். ஆனால் ஜெட்டி-ஓகுஸில் அதைக் குழந்தைகள் படம் என்று சொல்லிவிட்டு நீங்கள் ஒரு கோப்பை டீ குடித்துவிட முடியாது. படத்தின் முதல் காட்சியிலேயே பனியில் அந்தக் குதிரை தனியாக வீடு வந்து சேரும். முதுகில் சேணம் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அவன் யார், என்ன ஆனான் என்று கடைசிவரை சொல்லாமலே முடித்துவிட்டார்கள். நாலு வருஷமாக இந்த ஊர் அதைப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்த வசந்தத்தில் பிறந்த கறுப்புக் குட்டிகளுக்கெல்லாம் கராகாத் என்றே பேர் வைத்தார்கள். இப்போது மேய்ச்சலில் நின்று "கராகாத்!" என்று கூப்பிட்டால் பாதி மந்தை தலையைத் தூக்குகிறது. இந்த இலையுதிர் காலத்தில் முன்கதை வருகிறது. சேணம் காலியாவதற்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவனின் கதை. வசந்தப் புத்தாண்டு நவ்ரூஸுக்கு வரும் என்றார்கள், கோடைக்கு வரும் என்றார்கள். இப்போது ஆப்பிள் பறித்து முடித்ததும் கரக்கோல் பண்பாட்டு மாளிகையில் திரையிடுவது உறுதியாகிவிட்டது.

சேணத்தில் இருந்தவனைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கட்சி. ஓநாய்க் கட்சி, பனிச்சரிவுக் கட்சி, ஒரு பெண்ணுக்காகப் போய்விட்டான் என்கிற கல்லூரிக் கட்சி. ஷெர்காஸியின் கட்சியில் அவர் ஒருவர்தான்.

"குடிகாரப் பய. குடிச்சிட்டு உருண்டிருப்பான். வேற என்ன? பனியில குதிரையத் தனியா விட்டவன் மனுசனா? எங்க அப்பாரா இருந்தா அவன் தோலுல கடிவாளம் தச்சிருப்பாரு."

"அவனுக்கு என்ன நெருக்கடியோ, பைக்கே."

"நெருக்கடியாம்! டீச்சர், நீங்க கணக்குப் பாடத்த மட்டும் பாருங்க. குதிரை விஷயம் என்கிட்ட விட்டுருங்க."

நான் விட்டுவிட்டேன். அவர் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார், ஓரத்தில் பள்ளத்தாக்கு வேறு இருக்கிறது.

இந்தப் படத்துக்கு அவர் ரசிகர் மட்டுமல்ல, ஒருவகையில் சம்பந்தி. மகள் மேரிம் தலைநகர் பிஷ்கெக்கில் படம் வரைகிற இடத்தில் வேலை செய்கிறாள். முதல் படத்தில் அவளுக்குக் கொடுத்தது புல். குதிரை நடக்க நடக்க அதன் காலடியில் சாய்ந்து நிமிர்கிற புல் முழுவதும் அவள் கை. ஷெர்காஸி அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தார். ஒருமுறையாவது குதிரையைப் பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகம். ஏறுகிற பயணியிடமெல்லாம், "அந்தப் புல்லு நம்ம பொண்ணோடது" என்பார். ஊரில் அவருக்குப் 'புல்லப்பா' என்று பேர் விழுந்தது. கிண்டலுக்கு வைத்த பேரை அவர் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டார். வேனின் பின்கண்ணாடியில் கல்லூரிப் பிள்ளைகள் காலிச் சேணத்தை வரைந்தபோது, கீழே பச்சை மையில் இரண்டு கீற்றுப் புல்லும் போட்டால்தான் ஆச்சு என்று அடம்பிடித்துப் போடவைத்தார்.

புதுப் படத்தில் அவள் என்ன வரைந்தாள்? அதைத்தான் அவள் சொல்ல மறுத்துவிட்டாள். போன கோடையில் வந்தபோது இந்த வேனிலேயே, எங்கள் காது கேட்கச் சொன்னாள்: "அப்பா, டிரெய்லர் வரும். பாக்கக் கூடாது. போஸ்டரும் பாக்கக் கூடாது. ஹால்ல என் பக்கத்துல உக்காந்துதான் மொத மொதல்ல பாக்கணும். சத்தியமா?"

"ரொட்டி மேல சத்தியம்" என்றார் அவர்.

ஆனால் மகள் சொன்னதற்காகப் பார்க்கவில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்கிற ஆளா? அதற்கு ஒரு சட்டம் கண்டுபிடித்துவிட்டார். புது மணப்பெண்ணையோ பிறந்த குழந்தையையோ முதல்முறை பார்க்கிறவர் 'கொரும்துக்' என்று ஏதாவது கையில் கொடுத்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். ஷெர்காஸி அந்த வழக்கத்தைத் திரையரங்குவரை நீட்டினார்.

"பொண்ணு திரைச்சீலைக்குப் பின்னாடி உக்காந்திருக்கா. கொரும்துக் குடுக்காம எவனாச்சும் சந்துல எட்டிப் பாப்பானா? டிரெய்லருங்கறது அந்தச் சந்துதான்."

"எல்லாரும் பாக்கட்டும்னுதான பைக்கே ஓசில விடுறாங்க!"

"ஓசில காட்டுறாங்கன்னு பாத்துட்டு, அப்புறம் கல்யாணச் சாப்பாட்டுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவ?"

முன் இருக்கையில் எப்போதும் உட்கார்கிற கலிபா எஜே, எங்கள் எல்லோருக்கும் அக்கா, விட மாட்டார். சந்தையில் புளிப்புக் காரக் குளிர் நூடுல்ஸ் விற்கிற கை அது. நாக்கும் அதே பதம். "எங்க வீட்டு மருமக திரைச்சீலைக்குப் பின்னாடியே உக்காந்திருந்தா, மாடு யாரு கறக்குறதாம்? நீயா வந்து கறப்ப?"

முன்னோட்டம் வெளியான காலையில் ஆசிரியர் அறையில் ஒரு தொலைபேசியைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். மலை, பனி, கராகாத் குட்டியாகத் தள்ளாடி எழுவது. பிறகு சேணத்தை இறுக்குகிற ஒரு கை. நாலு வருஷமாக நாங்கள் காத்திருந்த ஆள் திரும்பினான். குதிரையின் கழுத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான். அதே கையால் நெற்றியிலிருந்து தாடிவரை முகத்தை வழித்துக்கொண்டான். ஏறி உட்கார்ந்து, பல்லிடுக்கில், "ச்சூ!"

அதை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பிறகு உடற்பயிற்சி ஆசிரியர்தான் சொன்னார்: "அடப்பாவி, மூக்கு கூட நம்மாளோடதுதாண்டா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புல் வரைந்த பெண்ணுக்கு இந்தமுறை ஆளைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் தேடிப்போகாமல் வீட்டு வாசலில் நிற்கிற ஆளை எடுத்து, நாடே காத்திருந்த சேணத்தில் உட்கார வைத்துவிட்டாள். அன்று மாலைக்குள் ஜெட்டி-ஓகுஸில் இதை அறியாத ஒரே மனிதர் ஷெர்காஸி.

எங்கள் ஊர் ரகசியம் காப்பதில் அப்படியொன்றும் பேர் வாங்கிய ஊரில்லை. பசு சினையானால் அது பசுவுக்குத் தெரியுமுன் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும். அந்த ஊர் இந்த விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டது. பண்பாட்டு மாளிகை வாசலில் பெரிய போஸ்டர் தொங்குவதால் வேன் இப்போது தோல் பதனிடும் சந்து வழியாகச் சுற்றிப் போகிறது. மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே தவிர, ஒருவரும் முணுமுணுப்பதில்லை. வேனுக்குள் பாதுகாப்பு அதிகாரி கலிபா எஜே. அவர் ஆயுதம் ரொட்டி. ரொட்டியை நீட்டினால் ஒரு துண்டாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மறுக்கிற ஆள் எங்களுக்குள் இல்லை. யாராவது, "அந்த டிரெய்லர்ல…" என்று ஆரம்பித்தால் அவர் வாய்க்கு நேரே ஒரு துண்டு வந்து நிற்கும். மென்று முடிப்பதற்குள் பேச்சு உருளைக்கிழங்கு விலைக்குப் போயிருக்கும். இந்தப் பருவத்தில் எங்கள் வேனில் எல்லோருக்கும் கொஞ்சம் எடை கூடியிருக்கிறது.

கஷ்டமெல்லாம் அவர் வாயைத் திறக்கும்போதுதான்.

"அந்தச் சேணத்துக்காரன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்க? நான் சொல்றேன் பாருங்க. திருட்டு முழி. சோம்பேறி மூக்கு."

கடைசி இருக்கையில் ஒரு மாணவி கழுத்துத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் சன்னலுக்கு வெளியே இருந்த ஒரு கழுதையை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். கலிபா எஜே மட்டும் நிதானமாக, "மூக்கு அவ்வளவு மோசமா இருக்காதுப்பா" என்றார்.

போன வியாழக்கிழமை கரக்கோல் சந்தையில் ஒரு பிஷ்கெக்காரர் ஏறினார். நல்ல கோட்டு, நல்ல காலணி, வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர். கலிபா எஜேவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்து, காதில் எதுவும் மாட்டாமல் சத்தமாகப் போட்டார். முதல் இசை வந்ததுமே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இசையை ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஷெர்காஸி கண்ணைச் சாலையில் குத்தி நிறுத்திக்கொண்டு, "தம்பி, அத அமத்திருங்க. நம்ம வண்டியில அது ஓடாது" என்றார். சாத்தப்பட்டிருந்த சன்னல்களின் அதிர்வில் அது அந்த ஆளுக்குக் கேட்கவில்லை.

கலிபா எஜே உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி ரொட்டியை நீட்டினார். "வாய் வைங்க!"

அவர் மரியாதை தெரிந்தவர். தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லிக் கடித்தார். அங்கேதான் எங்கள் கோட்டையில் ஓட்டை விழுந்தது. இத்தனை நாளும் ஆட்களின் வாயைத்தான் அடைத்துப் பழகியிருந்தோம். தொலைபேசிக்கு ஏது ரொட்டி? அது மடியில் கிடந்தபடி பேசிக்கொண்டே போனது. மாணவி இருமினாள். நான் வாய்க்கு வந்த ஒரு பாட்டைத் தொடங்கினேன். என் குரல் எனக்கே பொறுக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அது வந்துவிட்டது.

தப், தப். ஒரு மூச்சு இடைவெளி. "ச்சூ!"

பிஷ்கெக்காரர் ரொட்டியை விழுங்கிவிட்டு ஓட்டுநரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். மடியில் இருந்த திரையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வேன் முழுவதும் அவரையே முறைத்தது. ஊர் பேர் தெரியாத மனிதராக இருந்தாலும் அந்தப் பார்வை புரிந்தது. தொலைபேசியை அணைத்து உள்பைக்குள் போட்டுக்கொண்டு, தானாகவே இன்னொரு துண்டு ரொட்டி கேட்டு வாங்கினார்.

ஷெர்காஸி ஓட்டிக்கொண்டே இருந்தார். கியர் மாற்ற வேண்டிய ஏற்றத்தில் மாற்றவில்லை, வேன் முனகியது. காது சிவந்துபோயிருந்தது. ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி, பாலத்தையும் தாண்டினோம்.  அந்தப் பெண் கோடையிலிருந்து பொத்திவைத்த சந்தோஷத்தை நாங்கள் காப்பாற்றாமல் விட்டுவிட்டோமே என்று அழுகையாக வந்தது.

"டீச்சர்" என்றார் திரும்பாமல்.

"சொல்லுங்க பைக்கே."

"நான் யோசிச்சுப் பாத்தேன். அவன் குடிகாரனா இருக்க மாட்டான்."

அப்போதுதான் கியரை மாற்றினார்.

"விழுந்திருக்கவும் மாட்டான். குதிரைக்கு வழி தெரியும், வீட்டுக்குப் போயிரும்னு தெரிஞ்சுதான் எறங்கியிருப்பான். வேற யாரையோ காப்பாத்த. அப்பிடித்தான் இருக்கும்." கொஞ்சம் விட்டு, "அப்பிடிப்பட்ட ஆளுதான் அவன்."

"நாலு வருஷம் கழிச்சு இப்பவாச்சும் தோணுச்சே" என்றார் கலிபா எஜே. மிச்ச ரொட்டியைப் பையில் போட்டுக் கட்டினார்.

"ஆனா நான் எதையும் பாக்கல. மேரிம் கேட்டா சொல்லுங்க. அப்பா ஒண்ணையும் பாக்கலன்னு."

"நீங்க சாலையத்தான பாத்தீங்க!" என்று வேன் மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. பொய்யே இல்லை.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் நான் இறங்கினேன். கதவு சரியாகப் பிடிக்காததால் வழக்கம்போல அவரும் இறங்கி வந்தார். அதை இழுத்துச் சாத்தினார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். மறுபடி முன்பக்கம் போய் நைந்த குல்லாவைக் கழற்றி இருக்கையில் போட்டார். கொக்கியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கல்பாக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தலையில் வைத்து, பக்கக் கண்ணாடியில் குனிந்து விளிம்பை நேராக்கிக்கொண்டார். பிறகு கதவருகே வந்து நின்று, தகரத்தில் மெதுவாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும்படி, இரண்டு தட்டு தட்டினார்.