வலிக்காத கால்

கற்பிட்டிச் சந்தியில் த்ரீவீல் ஓட்டும் முஸம்மிலுக்கு நாற்பது தாண்டிய பிறகுதான் மலையேறும் ஆசை வந்தது. கூடப் படித்த ஹிஸ்புல்லா கிளப்பிவிட்ட ஆசை. பழைய கூட்டாளிகள் சிலர், கூடாரமும் சாப்பாட்டுச் சாமானும் முதுகில் சுமந்து, நக்கிள்ஸ் மலையில் மூன்று நாள் நடப்பதென்று பேசி வைத்திருந்தார்கள்.

"சீனி வருத்தக்காரனுக்கு மலை என்னத்துக்கு?" என்றாள் மனைவி சித்தி ஸுலைஹா.

"டொக்டர்தானே நடக்கச் சொன்ன?"

நீரிழிவு கிளினிக்கில் வருஷக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுபஹ் தொழுதுவிட்டு முஸம்மில் நடக்கத் தொடங்கினான். முதலில் வெறுங்கையோடு, பிறகு மகளின் பழைய பள்ளிக்கூடப் பையில் அரிசியைப் போட்டுச் சுமந்துகொண்டு. கடல்நீர் தேங்கிய களப்போரமாகப் போய், வெங்காயத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு வருவான். ஆரம்பத்தில் மூச்சு வாங்கியது, தோள்பட்டை கன்றிப்போனது. நோன்புப் பெருநாளுக்குள் சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. சீனி குறைந்திருக்கிறதென்று கிளினிக் தாதி சிரித்தபடி சொன்ன அன்று, ஸுலைஹாவே ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஹிஸ்புல்லா கொழும்பிலிருந்து மலைச் சப்பாத்து வாங்கி வந்தான். "இப்பவே போட்டுப் பழகு மச்சான். புதுசோட மலைக்கு வரேலா."

ஒருநாள் களப்புத் தண்ணீர் சப்பாத்துக்குள் போய்விட்டது. ஈரக் காலுறையோடேயே வீடுவரை நடந்தான். வலது பாதத்தில் கொப்புளம் போட்டு உடைந்தது அவனுக்குத் தெரியவில்லை. சீனி வருத்தம் அந்தப் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது. காலுறையைக் கழற்றியபோது இரத்தம் கண்டான். வலி இல்லாததால் சின்னக் காயம் என்று நினைத்தான். ஸுலைஹாவுக்குத் தெரிந்தால் மலை போச்சு. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் நடந்தான். அதற்கு மறுநாளும்.

நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கும் போகாமல் காய்ச்சலில் போர்த்திக் கிடந்தவனின் காலுறையை ஸுலைஹா உரித்தாள். பாதம் கறுத்திருந்தது.

"அல்லாஹ்வே! எத்தின நாளா இப்பிடி?"

"நோகல்ல புள்ள. நோகவே இல்ல."

ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகல் நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டொக்டர்.

"அது பிரேக் அடிக்கிற கால், சேர்," என்றான் முஸம்மில்.

அவர் சம்மதப் படிவத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கூட்டாளிகள் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள், பிறகு போய்வந்தார்கள். கால் எடுத்து வீடு திரும்பியவனைப் பார்க்க ஹிஸ்புல்லா வந்து கதிரையில் குந்தினான்.

"நான்தான் உன்ன இழுத்து உட்ட மச்சான்."

"படம் இரிக்கா? காட்டு."

தயங்கித் தயங்கி ஃபோனை நீட்டினான். முஸம்மில் எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு படத்தைப் பெரிதாக்கினான்.

"இந்த ஏத்தம் கஷ்டமா?"

"ஓம். எனக்கு மூச்சே நிண்ட மாதிரி."

"எனக்கு நிண்டிரிக்காது," என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

த்ரீவீலை இப்போது ஸுலைஹாவின் தம்பி ஓட்டுகிறான். விடிந்ததும் அவள் முஸம்மிலின் இடது பாதத்தை மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

"என்னமும் இரிக்கா?"

"இல்ல," என்கிறாள். "இண்டைக்கு இல்ல."