அத்தர் போத்தல் சுற்றிய புளொக்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். கட்டாரில் வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ, பிரியாணி, தூக்கம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஒருவன் குந்தியிருந்து எழுதுகிறான் என்றால் அவனுக்கு ஒன்றில் காதல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்கு இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. ஓ.எல் சோதனையில் தமிழை மட்டும் பாஸ் பண்ணியவன், அதுவும் முன்வாங்குக்காரனின் முதுகு கொஞ்சம் ஒடுங்கலாக இருந்த புண்ணியத்தில். ஆனால் என் ராத்தா, அதாவது அக்கா, இணையத்தில் எழுதிய புளொக் மூடி இரண்டு மாதமாகிறது. அதன் மூலையில் தொடர்புக்கு என்று என் ஈமெயிலைத்தான் போட்டிருந்தாள். "சகோதரி எங்கே, சுகமா?" என்று நாலைந்து பேர் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொய் சொல்வதைவிட எல்லாருக்கும் ஒரேயடியாக உண்மையைச் சொல்வது லேசு.

டோஹாவில் ஒரு பெரிய கம்பனியின் போட்டோகொப்பி அறைதான் என் ராச்சியம். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, மெஷினைப் போட்டு, கம்பியூட்டரைப் போட்டால், கல்முனைப் பக்கம் எங்கள் வீட்டில் அப்போது ஒன்பதரை. கடல் கடந்து வந்தவனுக்கு ஊர் தெரியாமல் போகும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நடந்தது மறுபக்கம். ஊரில் இருந்தபோது அடுப்படியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சோறு கோப்பைக்கு வந்தால்தான் தெரியும். இங்கே வந்த பிறகு, இன்றைக்குச் சூடை மீன் தீய்ந்தது, ராத்தாவின் இரண்டாவது பிள்ளை ஒற்றைக் காலில் சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போனான், அவள் புருசன், என் மச்சான், கறியில் உப்பில்லை என்று மூன்று தரம் சொல்லிவிட்டு மூன்று கோப்பை சாப்பிட்டார் என்பதெல்லாம் குளிரூட்டிய அறையில் இருந்து எனக்குத் தெரிந்தது. உலகத்துக்கே தெரிந்தது. அதுதான் ராத்தாவின் புளொக்.

ஆபீஸில் கழித்துப்போட்ட கம்பியூட்டர் ஒன்றை நான் கார்கோவில் ஊருக்கு அனுப்பியதுதான் ஆரம்பம். உம்மா என் முகத்தைப் பார்க்கட்டும் என்று அனுப்பினேன். உம்மா ஒரு தரம் பார்த்தாள், மெலிந்துபோனாய் என்று அழுதாள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ராத்தாதான் அதைத் தையல் மெஷின் மேசையில் ஏற்றி வைத்தாள். கலியாணத்துக்கு முன்னம் அவள் ஒரு கொமியுனிகேஷன் கடையில் ஊராருக்கு விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுத்தவள். பதினொரு வருசமும் நாலு பிள்ளைகளும் கழிந்தும் விரல் மறக்கவில்லை. புளொக்குக்கு அவள் வைத்த பெயர் "வாறன் இரிங்க". அவள் ஒரு நாளைக்கு அதிகம் சொல்லும் வசனம் அதுதான். அடுப்புக்கும் சொல்வாள், பிள்ளைக்கும் சொல்வாள், வாசலில் வந்து நிற்கும் மீன்காரனுக்கும் சொல்வாள்.

அவளுடைய பதிவு ஒன்றுகூட முடிந்ததில்லை. சோறு வேகிற நேரத்துக்குள் எழுத வேண்டும். பால் பொங்கும், கடைக்குட்டி மகள் விழுவாள், கரண்ட் போகும், அந்த இடத்தில் வசனம் அறுந்து நிற்கும். அறுந்த வசனத்தை அப்படியே ஏற்றிவிடுவாள். கனடாவில் இருந்து ஒரு அண்ணன் இதை வாசித்துவிட்டு, "உங்கள் முடிக்கப்படாத வாக்கியங்களில் ஒரு சமூகத்தின் மௌனம் உறைந்திருக்கிறது" என்று எழுதினார். அன்று உறைந்தது சமூகமும் இல்லை, மௌனமும் இல்லை, பருப்பு. இன்னொருவர், இவ்வளவு நன்றாக ஒரு கல்முனைப் பொம்பிளை எழுத மாட்டாள், இது பெண் பெயரில் ஒளிந்திருக்கும் ஆண் என்று சத்தியம் பண்ணினார். ராத்தா அவரை அண்ணன் முறைக்கு நானா என்று அழைத்து மரியாதையாகப் பதில் போட்டாள்: "ஓம் நானா, நான் ஆம்பிளதான். நாலு பெத்த ஆம்பிள."

என்னையும் விடவில்லை. அந்த நேரம் எனக்கு நற்பிட்டிமுனையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணோடு வீடு வரும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய் ஏறிக்கொள்வார், அவ்வளவுதான் அவர் பங்கு. வீடு முடியிற கட்டத்தில் இருக்கிறது என்றார்கள். நான் போனில், சும்மா ஒரு கதைக்கு, வீட்டின் போட்டோ இருந்தால் அனுப்பச் சொன்னேன். அடுத்த நாள் காலை புளொக்கைத் திறக்கிறேன்: "என் தம்பி பெண்ணின் போட்டோ கேட்கவில்லை. வீட்டின் போட்டோ கேட்டான். தரைக்கு மாபிள் பதித்ததா என்றும் கேட்டான். பெண்ணுக்குப் பல் இருக்கிறதா என்று" அதோடு வசனம் அறுந்து நின்றது. எனக்குக் கோபம். பெயர் போடாமல், "உங்கள் தம்பி நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார்" என்று ஒரு பின்னூட்டம் போட்டேன். ஐந்து நிமிசத்தில், கனடா, லண்டன் எல்லாம் பார்த்திருக்க, பதில் வந்தது: "டேய், காலையில சாப்பிட்டியா?"

ஒரு நாள் மச்சானின் குறட்டையைப் பற்றி எழுதியிருந்தாள். நான் அதைப் பிரிண்ட் எடுத்து, மெஷினில் சாய்ந்துகொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜர், எகிப்துக்காரர், உள்ளே வந்துவிட்டார். என் கண்ணைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், என்ன இது என்றார். எனக்குத் தெரிந்த அரபு அல்ஹம்து சூராவும் காய்கறிப் பெயர்களும்தான். கடதாசியைக் காட்டி "உக்தி, உக்தி" என்றேன். என் ராத்தா என்று. மனிதர் முகம் விழுந்துவிட்டது. என் தோளில் கை வைத்து "அல்லாஹ் யர்ஹம்ஹா" என்றார். அது இறந்து மௌத்தானவர்களுக்குச் சொல்கிற துஆ. விளங்கப்படுத்தப் பார்த்தேன், அரபு போதவில்லை. அரை நாள் லீவு தந்தார். லீவைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு அரபு போதவில்லை. ராத்தாவிடம் சொன்னேன். "நான் மௌத்தாகி என் தம்பி நித்திரை கொண்ட கதை" என்று அதையும் எழுதிவிட்டாள்.

இப்படியே பகிடியாகப் போயிருக்கும். வீட்டுக் கதை வந்தது. அதைச் சொல்லச் சுனாமிக்குப் போக வேண்டும்.

ராத்தாவின் பழைய வீடு கடலில் இருந்து இரண்டாவது ஒழுங்கை. வாப்பா கட்டி, அவள் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பின்வளவில் ஒரு குடிலில் போய் இருந்தார். எங்கள் ஊர் வாப்பாமார் அப்படித்தான், வாழ்நாளெல்லாம் வீடு கட்டிவிட்டுக் குடிலில் முடிவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டையும் வாப்பாவையும் கடல் ஒன்றாகக் கொண்டுபோனது. ராத்தா கைப்பிள்ளையோடு பிரதான வீதி தாண்டி வயல் வரைக்கும் ஓடினாள். மூத்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நான். திரும்பி வந்து பார்த்தபோது சீமெந்துத் தரை மட்டும் கழுவித் துடைத்த மாதிரி கிடந்தது. அவ்வளவு சுத்தமாக அந்த வீட்டை நான் முன்னர் பார்த்ததில்லை.

பிறகு பள்ளிக்கூடத்தில் அகதி முகாம். புது வீட்டுக்குப் படிவம் வந்தது. முதல் பெட்டியில் குடும்பத் தலைவர் பெயர். ராத்தா அந்த நேரம் வரிசையில் நின்று பிள்ளைகளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். படிவ வரிசையில் மச்சான் நின்றார். மச்சானின் பெயரை எழுதினார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் எழுதினார்கள். ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை. எங்களில் தலைவர் ஆண்தான், வீடு பெண்ணுக்குத்தான். இது எங்களுக்கு விளங்கும், படிவத்துக்கு விளங்காது. வாப்பா எழுதிக் கொடுத்த வீடு போய், அதற்குப் பதிலாக வந்த வீட்டுக்கு மச்சான் சொந்தக்காரர் ஆனார். ராத்தா அவர் வீட்டில் குடியிருந்தாள். நாலு வருசமாக அது அவளுக்கே தெரியாது.

யுத்தம் முடிந்த நாள் எங்கள் ஆபீஸில் ஒரு சிங்களப் பெடியன் வெற்றிக்குப் பாற்சோறு கொண்டுவந்தான். திருக்கோவில் ஊர்த் தமிழர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். அவர் தன் பங்குச் சோற்றுத் துண்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார், திரும்பி வரவில்லை. நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, அவருடையதை எறியவும் முடியாமல் தின்னவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தாவின் பதிவு அன்று ஐந்து வரி. ஊரில் பட்டாசு கேட்டு மூன்றாவது பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய்விட்டானாம். "வெளியே வா மகன், இது சந்தோச வெடி என்று சொன்னேன். யாருக்குச் சந்தோசம் என்று கேட்டான். நான்". அவ்வளவுதான். அன்று பால் பொங்கியதா என்று நான் கேட்கவில்லை.

பாதைகள் திறந்து சில மாதத்தில், வீட்டுத் திட்டத்துக்குச் சொந்த உறுதிப் பத்திரம் கொடுக்கப்போகிறார்கள் என்ற கதை வந்தது. அப்போதுதான் ராத்தா பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள். அதே கிழமை மச்சானின் தங்கைக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியது. அவர்களுடைய வீடும் கடலோடு போனது. மாமியார் வந்து, உன் பெயரில்தானே ஒரு வீடு இருக்கிறது, தங்கச்சிக்கு எழுதிக் கொடு, நீ ஆம்பிளை, இன்னொன்று கட்டலாம் என்று மகனிடம் சொன்னாள். மச்சான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். அவர் பிறந்தபோதே அழாமல் பாப்பம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். ராத்தாவால் மாமியாரோடு கதைக்கவும் முடியவில்லை, மச்சானோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை. எழுதினாள். ஆறு பதிவு, எல்லாம் வீடு. "என் வாப்பா தந்த வீட்டில் இருந்துகொண்டு, என் வீட்டை யாருக்குக் கொடுக்கலாம் என்று பாப்பம் பாப்பம் என்கிறவருக்கு நான் மூன்று நேரமும்" என்று ஒன்று நின்றது. மச்சான் கம்பியூட்டர் பக்கம் வராதவர். அந்தத் துணிவு.

நான் அந்த ஆறையும் பிரிண்ட் எடுத்து, நாங்கள் தங்கும் காம்பில் என் கட்டிலில் வைத்திருந்தேன். கீழ்க்கட்டில் என் கூட்டாளி றிஸ்வி, ஊர்க்காரன், லீவில் போகப் புறப்பட்டான். மச்சானுக்கு ஒரு அத்தர் போத்தல் கொடுத்துவிட்டேன். கண்ணாடிப் போத்தல் என்றபடியால் சாமான் கட்டும்போது கைக்கு எட்டிய கடதாசியால் அதை ஆறு சுற்றுச் சுற்றினான். எந்தக் கடதாசி என்று நான் சொல்லத் தேவையில்லை. வேறு நாட்டில் என்றால் சுற்றிய கடதாசி குப்பைக்குப் போகும். எங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமான் சுற்றிய கடதாசியை எறிகிற வழக்கம் இல்லை. விரித்து, தடவி, மணந்து பார்த்து, பிள்ளைகளின் கொப்பிக்கு உறை போடுவோம். மச்சானும் விரித்தார். தடவினார். மணந்தார். வாசித்தார்.

ராத்தா மிஸ்ட் கோல் அடித்தாள். நான் திருப்பி எடுத்தேன்.

"நீ அத்தர் அனுப்பினியா, அணுகுண்டு அனுப்பினியா?" என்றாள்.

"மச்சான் என்ன சொல்றார்?"

"மூணு நாளா ஒண்டும் கதைக்கல்ல. கறியில உப்பில்ல எண்டுகூடச் சொல்லல்ல. எனக்குப் பயமா இரிக்கிடா."

நாலாவது நாள் மச்சான் ஆறு தாளையும் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்தாராம். வீட்டைப் பற்றி அவர் ஒன்றும் மறுக்கவில்லை. தனக்கு அது வாப்பாவின் வீடு என்று தெரியும் என்றும், தாயிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு ஒரு தாளில் விரலை வைத்தார்.

"ஊட்ட உன்ட பேருக்கு மாத்தக் கடிதம் குடுக்கன். உம்மாக்கிட்டயும் நானே சொல்றன். ஆனா நீ இத நிப்பாட்டணும். நான் பாப்பம் எண்டு சொல்ற கதைய கனடாக்காரன் என்னத்துக்குகா படிக்கணும்?"

நான் போனில் குதித்தேன். அதெப்படி, இது உன் உரிமை, விடாதே, எழுது என்றெல்லாம் வசனம் விட்டேன். குளிரூட்டிய அறையில் நின்று வீரம் கதைப்பது சுகமான வேலை.

"உனக்கென்னடா," என்றாள். "நாளைக்கு என்ட மகளுக்கு நான் புளொக்கையா எழுதிக் குடுக்கிற?"

அந்தக் கடிதம் காரியாலயத்துக்குப் போய், இன்னும் இரண்டு படிவம், இன்னும் இரண்டு பெட்டி என்று அலைந்து, ராத்தாவின் பெயர் பட்டியலில் ஏறியது. மாமியார் இன்னும் வீட்டுக்கு வருவதில்லை. மச்சான்தான் தங்கைக்கு ஒரு அறை கட்டிக் கொடுக்கச் சீமெந்துக் கல் அரிந்துகொண்டு நிற்கிறார். ராத்தாவின் கடைசிப் பதிவு இது: "இன்றைக்குப் பால் பொங்கவில்லை. வீடு என் பெயருக்கு வந்துவிட்டது. இனி எழுத மாட்டேன்." மூன்று வசனம், மூன்றும் முடிந்திருந்தன. கனடா அண்ணன் அதற்குக் கீழே, முந்தியவற்றில் இருந்த ஆழம் இதில் இல்லை, கொஞ்சம் அவசரப்பட்டு முடித்துவிட்டீர்கள் என்று எழுதினார். மறுநாள் புளொக்கே இல்லை.

இப்போது ஏழு மணிக்குக் கம்பியூட்டரைப் போட்டால் எனக்கு ஊர் தெரிவதில்லை. அடுப்பில் என்ன என்று தெரியாது. மிச்சம் இருப்பது ஊரில் மூத்தவனின் கணக்குக் கொப்பிக்கு உறையாகப் போன ஆறு தாள், அது இன்னும் அத்தர் மணக்கிறதாம். இங்கே மெத்தைக்குக் கீழே குறட்டைக் கதை ஒன்று. வாப்பாவின் வீடு ராத்தாவுக்கு. அங்கே லீவில் போனால் நான் விருந்தாளி. நாளைக்குப் போய் ஏறப்போகிற வீடு இன்னொருவரின் மகளுக்கு. அங்கே நான் மாப்பிள்ளை. காம்பில் என் கட்டில் மேல்தட்டு. அதன் தலைமாட்டில் என் பெயரையும் இலக்கத்தையும் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் துனியாவில் என் பெயர் எழுதியிருக்கிற இடம் இது ஒன்றுதான், அதுவும் கொன்ட்ராக்ட் முடியும்வரை. ராத்தாவைத் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவள் சுகம். தன் வீட்டில் இருக்கிறாள். தலைவர்மார் நாங்கள்தான் கட்டிலில் கிடக்கிறோம்.

எழுதி முடித்ததும் இதை லீவு முடிந்து வந்து கீழ்க்கட்டிலில் கிடக்கும் றிஸ்வியிடம் கொடுத்து, ஏதாவது பிழை இருந்தால் சொல் என்றேன். பத்து நிமிசத்தில் பதில் வந்தது:

"எல்லாம் சரிதான்டா, நற்பிட்டிமுனை ஊட்டுட போட்டோ வந்து சேர்ந்திட்டா?"