ஜெய்னு பாய் தேடிய கோளாறு

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஜெயினுலாபுதீனை ஊரில் ஜெய்னு பாய் என்றுதான் சொல்வார்கள். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அவருக்கு நடந்தது முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், ஏனென்றால் செய்தவன் நான்.

பாய்க்கு நாற்பத்தாறு வயது. ஒல்லியான ஆள், பேச்சும் ஒல்லிதான். சொந்த ஊர் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம். அப்பா சந்தை சந்தையாகப் போய்க் கைலி விற்றவர். பாய் கொஞ்ச காலம் ஒரு ஷோரூமில் சர்வீஸ் பார்த்துவிட்டு, ஒரு வண்டிக்கு இத்தனை நிமிஷம்தான் என்று அவர்கள் வைத்த கணக்கு ஒத்துவராமல் வெளியே வந்தவர். அவருக்கு நிமிஷம் போதாது. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொள்வார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். கேட்டு முடித்ததும் "டேப்பெட்டு" என்பார், அல்லது "பேரிங் போவப் போவுது, இன்னும் ஒரு மாசம் ஓட்டு" என்பார். அவர் சொன்னது தப்பி நான் பார்த்ததில்லை.

என் பெயர் ஜெபக்குமார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன், ஊருக்குள் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சின்ன க்ரூஸர் வாங்கினேன். நூற்றைம்பது சிசி. தாழ்ந்த சீட், அகல ஹேண்டில் பார், காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு ஓட்டலாம். புல்லட் வாங்க வக்கில்லாதவன் வாங்கும் வண்டி என்று கம்பெனியில் சொல்வார்கள். கூட வேலை பார்க்கும் கண்ணாயிரம், "இன்னா மச்சான், ஈஸி சேரை எங்க நிறுத்தின?" என்றுதான் தினமும் கேட்பான். எண்பதைத் தாண்டினால் கால் வைக்கும் கம்பி நடுங்கும். லாரியை முந்த வேண்டுமென்றால் லாரிக்காரன் மனசு வைக்க வேண்டும். மற்றபடி தங்கமான வண்டி. எழுபதாயிரம் கிலோமீட்டரில் ஒரு செயின் செட், இரண்டு பேட்டரி, மூன்று கிளட்ச் கேபிள், அவ்வளவுதான் செலவு. டிசம்பர் மழையில் சைலன்சர் முழுகும் தண்ணீரில்கூட ஓடியிருக்கிறது. ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் நிறுத்தியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சரப்பாக்கத்தில் என் அம்மா சந்திரம்மா இருக்கிறாள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து என்னையும் தங்கச்சி பிரிசில்லாவையும் படிக்க வைத்தவள். ஒன்றரை வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிவிட்டது. பிரிசில்லாதான் எல்லாம் செய்கிறாள், குளிப்பாட்டுவது முதல் துணி மாற்றுவது வரை. நான் ஞாயிற்றுக்கிழமை போவேன். என்னைப் பார்த்ததும் அம்மா அழுவாள். ஏதோ சொல்ல வருவாள், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகும். பிரிசில்லாவுக்குப் புரியும், எனக்குப் புரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எப்போது நாலு மணி ஆகும் என்று இருக்கும். பெற்ற தாயைப் பற்றி இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் நேராகப் போக வேண்டியவன் இடது பக்கம் திரும்பினேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து ஈசிஆர் கடற்கரை ரோட்டில் ஏறி முட்டுக்காடு வரை. அந்த ரோட்டில் அறுபதில் வைத்து ஓட்டினால் அந்த வண்டிக்கு ஈடே கிடையாது. போட் ஹவுஸுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று மீன் வறுவல் தின்றுகொண்டிருக்கும்போது பிரிசில்லா கூப்பிட்டாள்.

"எங்கணா கீற? அம்மா வாசலையே பாத்துகினு கீது."

"பாலாத்துப் பாலத்தாண்ட வண்டி நின்னுடுச்சும்மா. தள்ளிகினு போறேன்" என்றேன். வாயில் மீன் இருந்தது.

அவள் பாவம், "அய்யோ, வெயில்ல தள்ளாதணா, வூட்டுக்குப் போயிடு" என்றாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அடுத்த வாரம் படாளத்தில் நின்றது. அதற்கடுத்த வாரம் மதுராந்தகத்தில். ஒரு வாரம் விட்டு மறு வாரம் மறுபடியும் நின்றது.

பிரிசில்லா சும்மா இருக்கிற ஆள் இல்லை. முன்பொரு தடவை என் போனில் சார்ஜ் இல்லாமல் பாய் போனிலிருந்து அவளோடு பேசியிருந்தேன். அந்த நம்பருக்கே கூப்பிட்டு, "பாய், எங்கண்ணன் வண்டி வாராவாரம் நின்னுடுதாமே, கொஞ்சம் நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை பாய் என்னைக் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏன் ஜெபா எங்கிட்ட சொல்லல? நான் பாத்த வண்டி நடுவுல நின்னா, நான் வருத்தப்படுவேன்னா?"

அவரே எனக்கொரு காரணமும் எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எப்படி நிற்கிறது என்று கேட்டார். குவாலிட்டி பிரிவில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன், கோளாறை எழுதத் தெரியாதா எனக்கு? பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் ஆஃப் ஆகிவிடும், கால் மணி நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகும் என்றேன். எந்த மெக்கானிக்குக்கும் வரக்கூடாத கோளாறு அது. கடைக்கு வரும்போது இருக்காது, கையில் பிடிபடாது.

பாய் அன்றைக்கே டேங்க் மூடியில் காற்று போகும் துளையைப் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினார். பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் ஒயரைக்கூட விடவில்லை. காசு கொடுத்தால் கையைத் தட்டிவிட்டார். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டுக் கேட்டு, "சத்தம் சுத்தமா கீதே" என்று தலையைச் சொறிந்துகொள்வார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் போய், நேற்றும் நின்றது என்பேன். நிறுத்தியிருக்கலாம். சரியாகிவிட்டது பாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வண்டி குணமாகிவிட்டால் நான் அச்சரப்பாக்கம் போக வேண்டுமே.

ஒரு வெள்ளிக்கிழமை வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஜும்மா தொழுகை முடிந்ததும், நல்ல வெயிலில், அவரே அதை அச்சரப்பாக்கம் வரைக்கும் ஓட்டியிருக்கிறார். நான் சொன்ன பாலத்தில், நான் சொன்ன படாளத்தில் எல்லாம் மெதுவாக்கிப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் நான் போனபோது கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"போவ வர நூறு கிலோமீட்டர். ஒரு தும்மல்கூட போடல" என்றார். அதில் பெருமை இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அவ்ளோ தூரம் போயிட்டு உங்க வூட்ட எட்டிப் பாக்காம வர மனசு வரல. அம்மா எனக்கு டீ குடுக்கச் சொல்லிச்சு. வண்டி நல்லாயிடுமான்னு கேட்டுச்சு. வர ஞாயித்துக்கெழம உங்க புள்ள வந்து நிப்பாப்லன்னு சொல்லிட்டு வந்துகீறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போவதாகத்தான் கிளம்பினேன். நல்ல சட்டைகூடப் போட்டுக்கொண்டேன். செங்கல்பட்டு வந்ததும் கை தானாகத் திரும்பிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான்தான் திருப்பினேன். மாமல்லபுரத்தில் நின்று போன் செய்து, வண்டி படாளத்தில் நின்றுவிட்டது என்றேன். அம்மா பின்னால் என்னவோ கேட்பது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை பாய் வண்டியைத் தொடவில்லை. "வேற எடத்துல காட்டு ஜெபா. எனக்குக் காது போயிடுச்சுபோல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி ரோஷன் பீவி என்னை மார்க்கெட்டில் பார்த்து நிறுத்தினார். பாய் இப்போது இன்ஜின் வேலையே எடுப்பதில்லையாம். பஞ்சர், ஆயில், அவ்வளவுதான். நல்ல நல்ல வாடிக்கையெல்லாம் திருப்பி அனுப்புகிறாராம். கடையைக் கைமாற்றிவிட்டு மச்சானுடைய டயர் கடைக்கே வேலைக்குப் போகிறேன் என்கிறாராம், கடையைப் பார்க்க சனிக்கிழமை ஆள் வருகிறார்களாம்.

"அவரு காதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான் அடுப்பாண்ட முணுமுணுக்கறதுகூட அவருக்குக் கேட்டுடுது. டாக்டரும் நல்லா கீதுன்னுட்டாரு. நம்ப மாட்றாரு. அந்த ஒரு வண்டி கைக்கு அடங்கலன்னுதான் இப்டி ஆயிட்டாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க தம்பி, உங்க மேல அவருக்கு மரியாதை."

அந்த மரியாதை என்ற வார்த்தை என்னைச் செருப்பால் அடித்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்குச் செய்ததற்கு ஒரு நாளும் இப்படி ஆகாதவன் நான், அதையும் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாய் கடை திறக்கும்போதே போய் நின்றேன். அவர் வேஸ்ட் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், வண்டி ஒரு நாளும் நிக்கல" என்றேன்.

"இன்னா?"

"ஒரு நாளும் நிக்கல. நான்தான் போவல. மாமல்லபுரம் போய்ச் சுத்திகினு, பொய் சொல்லிகினு இருந்தேன். உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. பிறகு என்னிடம் சாவியை வாங்கி வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார், ரொம்ப நேரம். "அப்ப நான் கேட்டது சரிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜுரம் விட்டவர் முகம்போல இருந்தது. அப்போதே யாருக்கோ போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம், கடை தருவதாக இல்லை என்றார்.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் திரும்பினார். "எத்தினி வாரம்?"

"பதினொண்ணு பாய்."

"பதினோரு வாரமா அந்தம்மா வாசல பாத்துகினு கீதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. அவர் திட்டக்கூட இல்லை. "ஞாயித்துக்கெழம நானும் வரேன். பின்னாடி ஒக்காந்துக்கறேன். செங்கல்பட்டுல லெஃப்ட்ல திரும்பினின்னா குதிச்சிடுவேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

நான் திரும்பவில்லை. வழி முழுக்க அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா, வண்டி மேல தப்பில்ல, நான்தான் வரல. இவ்வளவுதான். ஆறு வார்த்தை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன்.

அம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் பிரிசில்லா. அம்மா இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடி கெட்டியாக இருந்தது. பிரிசில்லா ஆளுக்கொரு தம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா என்னைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். அன்றைக்கு எனக்கும் புரிந்தது.

"வண்டிக்கு... இன்னா... நைனா?"

நான் வாயைத் திறந்தேன். பாய் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என் தப்பும்மா" என்றார். "ஒரு ஒயரு லூசா இருந்துகீது. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன். உங்க புள்ள ஒவ்வொரு வாரமும் வரணும்னுதான் கெளம்புனாப்ல. எல்லாம் என்னால."

அம்மா என் கையை விட்டுவிட்டு அவரைக் கிட்டே வரச் சொன்னாள். அவர் குனிந்தார். இடது கையை அவர் தலையில் வைத்து, "பரவால்ல... பாய்... பரவால்ல" என்றாள். அவர் அப்படியே நின்றார்.

பிரிசில்லா அவ்வளவு சுலபத்தில் விடுகிறவளா? "ஒரு ஒயர கண்டுபுடிக்க இத்தினி வாரமா பாய்? எங்கம்மா சாப்புடாமகூட ஒக்காந்துகினு இருந்துச்சே" என்று கேட்டாள். "ஆமாம்மா, தப்புதான்" என்றார் பாய், காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டு.

அவள் என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கும்படியே, "இனிமே வேற மெக்கானிக்க பாருணா" என்றாள்.

நான் சரி என்றேன்.